9 நாளில் எத்தனை ஊர்?



விடுமுறைக்கு ஊர் செல்வது பற்றியும் முன்பதிவு பற்றியுமே இப்பகுதியில் பெரும்பாலும் எழுதி வருகிறேன். இம்மாதம் கடல் கடந்து செல்லும் பயணத்தைப் பற்றி எழுதலாம் என்று எண்ணுகிறேன். தாராவியிலும் மாட்டுங்காவிலும் செம்பூரிலும் உள்ள நம் குடும்பங்களில் முதன்முறையாக அயல்நாடு செல்வோர் பலர். பல ஆண்டுகள் சிறுகச் சிறுகச் சேர்த்த பணத்தில் ஒரு முறை செல்வார்கள். மறுமுறை வாய்க்குமா என்பது தெரியாது. ஆகையால் ஒரே பயணத்தில் எல்லாவற்றையும் பார்த்துவிட வேண்டும் என்ற ஆசை எழுவது இயற்கையே. அந்த ஆசையை எவ்வாறு அடக்கி நடத்துவது என்பதை, ஒரு குடும்பத்தின் பயணத்தைக் கொண்டே சொல்கிறேன். அவர்களுடைய சம்மதம் பெற்றே எழுதுகிறேன்.

சென்ற ஜனவரியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை மாலை, தாராவியில் தோல் பை தைக்கும் தொழில் நடத்தும் அண்ணாச்சி ஒருவர் என் வீட்டுக்கு வந்தார். நெல்லைச் சீமையைச் சேர்ந்தவர். கையில் நான்காக மடித்த ஒரு தாள்.

"தம்பி, கால அட்டவணை உங்களுக்குத் தண்ணீர் பட்ட பாடு. மே மாதம் குடும்பத்தோடு சிங்கப்பூர், மலேசியா போய் வரலாம் என்று இருக்கிறோம். இதைக் கொஞ்சம் பார்த்துச் சொல்லுங்கள்" என்றார்.

தாளை விரித்தேன். 9 நாள், 8 இரவு. சிங்கப்பூரில் 2 இரவு, மலாக்காவில் 1, கோலாலம்பூரில் 2, கெந்திங் மலையில் 1, பினாங்கில் 1, லங்காவித் தீவில் 1. ஆக 6 ஊர். செல்வோர் 5 பேர்: அண்ணாச்சி, அவர் மனைவியார், கல்லூரியில் படிக்கும் மகன், பள்ளியில் படிக்கும் மகள், 68 வயதான தாயார். அந்தத் தாயாரை நாங்கள் எல்லோரும் ஆச்சி என்றே அழைப்போம்.

தாளின் ஓரத்தில் பென்சிலால் ஒரு வரி எழுதியிருந்தது: "சுங்கைப்பட்டாணி, அரை நாள்."

"இது என்ன அண்ணாச்சி?" என்று கேட்டேன்.

"அதற்காகத்தானே தம்பி போவதே! அம்மாவுடைய அப்பா அங்கே ரப்பர்த் தோட்டத்தில் வேலை பார்த்தவர். அந்த இடத்தை ஒரு தடவை பார்க்க வேண்டும் என்று அம்மாவுக்கு ஆசை" என்றார்.

ஆச்சியின் தந்தையார் நாகப்பட்டினத்தில் ரஜூலாக் கப்பல் ஏறிப் பினாங்கில் இறங்கியவர். 1926 இல் கட்டப்பட்ட அக்கப்பல் 1973 வரை அந்தக் கடல் வழியில் ஓடியது. மலாயாத் தோட்டங்களுக்குச் சென்ற தமிழரில் எண்ணற்றோர் அதன் மேல்தளத்தில் படுத்துச் சென்றவர்களே. அவர் நாடு திரும்பியபோது கொண்டு வந்த தகரப் பெட்டி இன்றும் ஆச்சியின் கட்டிலுக்கு அடியில் இருக்கிறது. ஒரு மூதாட்டியின் வாழ்நாள் ஆசை அந்தத் தாளில் ஓரத்து வரியாக, 2 வண்டிகளுக்கு நடுவே, அரை நாளாக இருப்பதைக் கண்டு எனக்குத் துணுக்குற்றது.

"அண்ணாச்சி, முதலில் ஒரு கணக்குப் போடுவோம்" என்று சொல்லிப் பென்சிலை எடுத்தேன்.

அந்தக் கணக்கு எளியது. அன்பர்கள் எந்த நாட்டுப் பயணத்துக்கும் இதைப் போட்டுப் பார்க்கலாம். ஓர் ஊரை விட்டு இன்னோர் ஊருக்கு மாறும்போதெல்லாம் அரை நாள் போய்விடும். சென்று இறங்கும் முதல் நாளில் பாதியும், திரும்பும் கடைசி நாளில் பாதியும் கணக்கில் சேரா. 6 ஊர் என்றால் 5 மாற்றம். அதற்கு இரண்டரை நாள். முதல் நாளுக்கும் கடைசி நாளுக்குமாக 1 நாள். ஆக மூன்றரை நாள் கழிந்தது. மீதி ஐந்தரை நாளில் 6 ஊர்! ஓர் ஊருக்கு ஒரு முழு நாள்கூட இல்லை.

மாற்றத்துக்கு அரை நாளா என்று சிலர் ஐயுறலாம். சிங்கப்பூரிலிருந்து கோலாலம்பூருக்கு விமானம் வானத்தில் பறப்பது 1 மணி நேரந்தான். ஆனால் விடுதியிலிருந்து சாங்கி விமான நிலையம் செல்ல முக்கால் மணி. புறப்பாட்டுக்கு 2 மணி முன்னதாக அங்கே இருத்தல் வேண்டும். பறக்க 1 மணி. இறங்கிக் குடிநுழைவுச் சோதனை முடித்துப் பெட்டி எடுக்க 1 மணி. கோலாலம்பூர் விமான நிலையம் நகருக்கு 50 கிலோமீட்டருக்கும் அப்பால் இருப்பதால் விடுதி சேர மேலும் ஒன்றே கால் மணி. கூட்டினால் 6 மணி நேரம். பேருந்தில் சென்றால் ஏறத்தாழ 350 கிலோமீட்டர். 1924 இல் திறக்கப்பட்ட ஜொகூர்ப் பாலத்தின் இரு கரையிலும் இறங்கி, பெட்டிகளைச் சுமந்து சோதனை முடித்து மறுபடி ஏற வேண்டும். அதற்கும் 5, 6 மணி நேரம் ஆகும். வார இறுதியிலும் பள்ளி விடுமுறையிலும் வரிசை நீண்டால் இன்னும் ஆகும். இவற்றோடு காலையில் 5 பேர் எழுந்து, குளித்து, பெட்டி கட்டி, அறையில் எதையும் மறந்தோமா என்று தேடும் நேரத்தையும் சேர்த்துக் கொள்ளுங்கள்.

முதல் நாளின் கதையும் இத்தகையதே. மும்பையிலிருந்து நள்ளிரவில் புறப்படும் விமானம் ஏறக்குறைய ஐந்தரை மணியில் சிங்கப்பூர் சேரும். அங்கே கடிகாரம் நமக்கு இரண்டரை மணி முந்தியது. அங்கே காலை 8 மணி எனில், நம் உடலுக்கு அது விடியற்காலை ஐந்தரை. அதுவும் உறங்காத இரவின் ஐந்தரை. விடுதிகளிலோ பெரும்பாலும் பிற்பகல் 2 அல்லது 3 மணிக்கே அறை கொடுப்பார்கள். இந்நிலையில் முதல் நாளிலேயே மூன்று இடங்களைக் குறித்துக்கொண்டு சென்றால், முதலில் சோர்வதும் சினப்பதும் குழந்தைகளும் முதியோருமே.

இதை நான் ஏட்டில் படித்துச் சொல்லவில்லை. 2024 மே மாதம் நானும் என் மனைவியும் 6 வயது மகளும் இதே நாடுகளுக்கு 7 நாளில் 5 ஊர் சென்று வந்தோம். திட்டம் வகுத்தவன் நானே, குற்றமும் என்னுடையதே. மலாக்காவில் நான் கண்டவை பேருந்து நிலையமும், விடுதியின் மாடிப்படியும், டச்சுக்காரர் கட்டிய சிவப்புக் கட்டடத்தின் வெளிப்புறமுமே. 4 ஆம் நாள் மகளுக்குக் காய்ச்சல் கண்டது. மறுநாள் அதிகாலை வண்டி. அடுத்த ஊரின் விடுதிக்கு முன்பணம் கட்டியாயிற்று. படுத்திருக்க வேண்டிய குழந்தையைத் தோளில் போட்டுக்கொண்டு பேருந்து ஏறினேன். கட்டிய பணம் போய்விடுமே என்ற அச்சம் அன்று எனக்குப் பிள்ளையின் காய்ச்சலைவிடப் பெரிதாய்ப் பட்டது. இன்று நினைத்தாலும் வெட்கமாக இருக்கிறது.

நாள்தோறும் கால அட்டவணையோடு புழங்குகிறவன் செய்த பிழை இது. ஏனெனில் எந்த ரயில் அட்டவணையும் அவ்வாறு அமைவதில்லை. ஒரு வண்டி தடையின்றி ஓடினால் எத்தனை நிமிடம் ஆகுமோ, அதை மட்டும் அப்படியே அச்சிட்டுவிட மாட்டார்கள். பாதையில் பழுது பார்க்கும் இடங்களில் வேகம் குறைப்பதற்கென்று சில நிமிடங்களும், தாமதத்தை ஈடு செய்வதற்கென்று சில நிமிடங்களும் சேர்ப்பார்கள். கல்யாணுக்குத் தாமதமாக வந்த நெடுந்தூர வண்டி, முனையத்தை மட்டும் உரிய நேரத்தில் அடைவதை நம்மில் பலர் கண்டு வியந்திருப்போம். கடைசிப் பகுதியில் தாராளமாகக் கொடுத்து வைத்த நேரமே அந்த மாயத்தைச் செய்கிறது. மீட்பு நேரம் இல்லாத அட்டவணை முதல் தடங்கலிலேயே குலைந்துபோம். பயணத் திட்டமும் அப்படியே. 9 நாளில் குறைந்தது 1 நாளேனும் ஒன்றும் குறிக்காமல் விட்டு வைத்தல் வேண்டும்.

"காசு செலவழித்துப் போய்ச் சும்மா உட்கார்வதா?" என்று அண்ணாச்சியின் மகன் கேட்டான். கேள்வி நியாயமானதே. அவனுக்கு நான் ஏ.கே. செட்டியார் அவர்களைப் பற்றிச் சொன்னேன். உலகம் சுற்றிய தமிழன் என்று பெயர் பெற்ற அவர், காந்தியடிகளைப் பற்றிய செய்திப் படத்துக்காக ஏறத்தாழ 1 லட்சம் மைல் அலைந்து, 1940 இல் படத்தை வெளியிட்டவர். அப்படம் எடுக்க வேண்டும் என்ற எண்ணம் அவருக்குத் தோன்றியது ஏதோ ஒரு நகரத்துக் கண்காட்சியில் அன்று. 1937 அக்டோபர் 2 ஆம் நாள், நியூயார்க்கிலிருந்து டப்ளினுக்குச் சென்ற கப்பலில், நாற்புறமும் கடலைத் தவிர வேறொன்றும் இல்லாத வேளையில் தோன்றியது. பார்ப்பதற்கு ஒன்றும் இல்லாத நேரமும் பயணத்தின் பகுதியே என்பதற்கு இதைவிட வேறு சான்று வேண்டுவதில்லை.

அடுத்தது நடையின் வேகம். சரக்கு வண்டியின் வேகத்தை அதில் கோத்த பெட்டிகளுள் மிகக் குறைந்த வேகத்துக்கு உரிய பெட்டியே தீர்மானிக்கும். எத்தனை வலிய இஞ்சினை மாட்டினாலும் அதைத் தாண்டக் கூடாது. குடும்பமாகச் செல்வோருக்கும் இதுவே விதி. ஆச்சிக்கு வலது முழங்காலில் வலி உண்டு. கோலாலம்பூருக்கு அடுத்த பத்துமலையில் குகைக் கோயிலுக்கு 272 படிகள். பினாங்குத் தண்ணீர்மலையில் 500 படிகளுக்கு மேல். ஆச்சியால் எத்தனை முடியும்?

ஊகம் வேண்டாம், ஒத்திகை பார்ப்போம் என்றேன். பிப்ரவரியில் ஒரு ஞாயிறன்று குடும்பம் முழுவதும் கேட்வே ஆஃப் இந்தியாவிலிருந்து படகேறி எலிபண்டாத் தீவுக்குச் சென்று வந்தது. அங்கே ஏறக்குறைய 120 படிகள். ஆச்சி 4 இடத்தில் அமர்ந்து 40 நிமிடத்தில் ஏறினார். இறங்குகையில் கால் நடுங்கியது. மறுநாள் முழுதும் படுத்திருந்தார். ஒரு நாள் அலைச்சலுக்கு மறுநாள் ஓய்வு என்ற கணக்கு அன்று கிடைத்தது. அதற்கான செலவு படகுக் கட்டணமும் நுழைவுக் கட்டணமுமே. இத்தகைய ஒத்திகை இல்லாமல் முதியோரை அயல்நாட்டுக்கு அழைத்துச் செல்லல் ஆகாது என்பது என் துணிபு.

பிறகு ஊர்களைக் குறைக்கும் வேலை. இதுதான் கடினமானது. 5 பேரையும் உட்கார வைத்து, "ஒன்றே ஒன்றைத்தான் பார்க்கலாம் என்றால் எதைச் சொல்வீர்கள்?" என்று தனித்தனியே கேட்டேன். மகன் சிங்கப்பூர் என்றான். மகள் கடலும் படகும் என்றாள். அண்ணாச்சியின் மனைவியார் பத்துமலை முருகன் என்றார். அண்ணாச்சி, "அம்மா சொல்வதே எனக்கும்" என்றார். ஆச்சி ஒன்றும் சொல்லாமல் அந்தத் தாளின் ஓரத்து வரியைத் தொட்டுக் காட்டினார். மலாக்காவையும் கெந்திங்கையும் லங்காவியையும் எவரும் சொல்லவில்லை! பிறர் போனார்கள் என்பதற்காக அவை தாளில் ஏறியிருந்தன. மூன்றையும் அடித்தேன். மகன் கெந்திங்குக்காகச் சிறிது முகம் வாடினான், பிறகு தேறிவிட்டான்.

புதிய திட்டம் இவ்வாறு அமைந்தது. சனி இரவு மும்பையில் புறப்பாடு. ஞாயிறு, திங்கள், செவ்வாய் 3 இரவும் சிங்கப்பூர். புதன் காலை அங்கிருந்து நேரே பினாங்குக்கு விமானம். புதன், வியாழன், வெள்ளி 3 இரவு அங்கே. சனியன்று பட்டர்வொர்த்திலிருந்து பகல் ரயிலில் கோலாலம்பூர். அங்கே 2 இரவு. திங்கள் மாலை மும்பைக்கு விமானம். அதே 9 நாள், அதே 8 இரவு. மாற்றம் இரண்டே, அவற்றுக்கு 1 நாள், முதல் நாளுக்கும் கடைசி நாளுக்கும் 1 நாள், மீதி 7 நாள் 3 ஊருக்கு. முன்னைய திட்டத்தைவிட ஒன்றரை நாள் மிச்சம்.

இதில் கவனிக்க வேண்டியவை மூன்று. முதலாவது, இறங்கும் ஊர் ஒன்று, திரும்பும் ஊர் வேறு. சென்ற வழியே திரும்பி வரும் ஒரு நாள் வீணாகாது. சிங்கப்பூருக்குள் இரண்டாம் முறை நுழைவதற்கு விசா செல்லுமா என்ற கவலையும் இல்லை. இரண்டாவது, தலையாய காரியம் பயணத்தின் நடுவில் இருக்கிறது. களைத்த முதல் நாளிலோ, பரபரப்பான கடைசி நாளிலோ அதை வைத்தல் கூடாது. சுங்கைப்பட்டாணிக்கு வியாழன் என்று குறித்து, வெள்ளியை வெறுமையாக விட்டோம். மூன்றாவது, விமானம் ஏறும் ஊரிலேயே கடைசி 2 இரவு. இது நம் வண்டியின் கடைசிப் பகுதி மீட்பு நேரம் போன்றது.

ரயிலைப் பற்றி ஒரு சொல். பட்டர்வொர்த்துக்கும் கோலாலம்பூருக்கும் இடையே ஓடும் மின்சார ரயில், மீட்டர் பாதையில் மணிக்கு 140 கிலோமீட்டர் வரை செல்வது. எழும்பூரிலிருந்து நெல்லைக்கு மீட்டர் பாதையில் இரவு முழுதும் அசைந்தாடிச் சென்ற நினைவுள்ள பெரியோர் இதை அவசியம் ஏறிப் பார்த்தல் வேண்டும். பயணம் ஏறக்குறைய 4 மணி நேரம். பினாங்குத் தீவின் ஜார்ஜ் டவுனிலிருந்து பட்டர்வொர்த்துக்குக் கடலைக் கடக்கும் படகும் உண்டு. படகுத்துறையும் ரயில் நிலையமும் அருகருகே. கடலும் படகும் கேட்ட மகளின் விருப்பமும் இதில் நிறைவேறிற்று. அந்நாட்டு விடுமுறை நாட்களில் ரயிலில் இடம் கிடைப்பது அரிது, முன்னதாகவே வாங்கிவிடுக.

தாள்கள் பற்றிச் சுருக்கமாக: பாஸ்போர்ட்டு பயணத் தேதிக்குப் பின் குறைந்தது 6 மாதம் செல்லத்தக்கதாக இருத்தல் வேண்டும். சிங்கப்பூருக்கு நமக்கு விசா தேவை. மலேசியா 2023 டிசம்பர் முதல் இந்தியருக்கு 30 நாள் வரை விசா விலக்கு அளித்தது. அது கால வரையறை உடைய சலுகையாதலால், சீட்டு வாங்குமுன் நடப்பில் உள்ளதா என்று பார்த்துக்கொள்க. இரு நாட்டுக்கும் வருகைப் படிவத்தை இணையத்தில் முன்னரே நிரப்ப வேண்டும். என் போன்ற அரசு ஊழியர்கள் அயல்நாட்டு விடுப்புக்கு முன் அனுமதி பெற மறத்தல் ஆகாது. ஐரோப்பா செல்வோருக்கு ஊர்க் கணக்கு விசாவிலும் வந்து நிற்கும்: ஷெங்கன் நாடுகளுள் எதில் மிகுதியான இரவு தங்குகிறோமோ, அந்நாட்டிடமே விண்ணப்பித்தல் வேண்டும். இலண்டனையும் சேர்த்தால் அதற்குத் தனி விசா. ஆகவே எத்தனை ஊர், எங்கே எத்தனை இரவு என்பதை முடிவு செய்த பிறகே விண்ணப்பத்தைத் தொடுக.

சரி, அண்ணாச்சி குடும்பம் என்ன ஆயிற்று?

மே மாதம் சென்று வந்தனர். சிங்கப்பூரில் மூன்றாம் நாள், சவுத் பிரிட்ஜ் சாலையில் 1827 இல் தோன்றிய மாரியம்மன் கோயிலுக்கும் சீனக் கடைவீதிக்கும் நடந்ததில் ஆச்சியின் முழங்கால் வீங்கிவிட்டது. பினாங்கு சேர்ந்த மறுநாள், அதாவது சுங்கைப்பட்டாணிக்கென்று குறித்த வியாழன், ஆச்சியால் கட்டிலை விட்டு எழ முடியவில்லை, வெளியே பெருமழை. பழைய திட்டமாக இருந்தால் அந்த அரை நாள் அத்தோடு போயிருக்கும். மறுநாள் லங்காவிக்குக் கப்பல் ஏறியிருப்பார்கள். இப்போதோ வெள்ளிக்கிழமை வெறுமையாக இருந்தது. வியாழன் முழுதும் ஆச்சி படுத்திருந்தார். பிள்ளைகள் சன்னலில் மழை பார்த்தார்கள். வெள்ளி காலை வாடகைக் கார் வைத்துக்கொண்டு புறப்பட்டார்கள்.

தோட்டம் இருந்த இடத்தில் ரப்பர் மரம் ஒன்றுகூட இல்லை. ஒரு பக்கம் செம்பனை, மறு பக்கம் வரிசை வீடுகள். ஆனால் சிறு மாரியம்மன் கோயில் மட்டும் இருந்தது. அங்கே விளக்கேற்ற வந்த ஓர் அம்மையார், ஆச்சியின் வயதை ஒத்தவர், தோட்டத்திலேயே பிறந்து வளர்ந்தவர். வரிசைக் குடில்கள் எங்கே இருந்தன, கிணறு எங்கே இருந்தது, பால் எடை போடும் கொட்டகை எங்கே இருந்தது என்று கை நீட்டிக் காட்டினார். ஆச்சி தம் தந்தையார் சொல்லிய ஒவ்வொன்றையும் கேட்டுக் கேட்டுப் பொருத்திப் பார்த்தார். அண்ணாச்சி ஒரு முறைகூடக் கடிகாரத்தைப் பார்க்கவில்லையாம். 10 மணிக்குச் சென்றவர்கள். 2 மணிக்கு ஆச்சியே எழுந்து, "போகலாம்" என்றாராம்.

திரும்பும் வழியில் மெர்போக்கில் உள்ள பூஜாங் பள்ளத்தாக்கு அருங்காட்சியகத்துக்கும் சென்றார்கள். கெடா என இன்று வழங்கும் அந்நாடே, இராசேந்திர சோழன் கடற்படை 1025 இல் சென்று வென்ற கடாரம். திட்டத்தில் இல்லாத இடம்; நேரம் இருந்ததால் பார்த்தார்கள். பத்துமலையில் மருமகளும் பிள்ளைகளும் படியேற, ஆச்சி அடிவாரத்தில் பெரிய முருகன் சிலைக்கு முன் அமர்ந்து கும்பிட்டார். அதில் அவருக்கு ஒரு குறையும் இல்லை.

செலவுக் கணக்கையும் அண்ணாச்சி காட்டினார். 3 விடுதி குறைந்ததாலும் ஊர் மாறும் கட்டணம் குறைந்ததாலும் எண்ணியதைவிடக் குறைவாகவே ஆயிற்று. மிச்சத்தை மகனிடம் கொடுத்து, "உன் கெந்திங்குக்கு இதுதான் முதல்" என்றாராம்.

அன்பர்களே, முதற்பயணத்துக்குத் திட்டம் வகுப்போர் ஊர்ப் பெயர்களை எழுதுமுன், "இப்பயணம் யாருக்காக, எதற்காக?" என்று ஒரு வரியைத் தாளின் ஓரத்தில் அன்று, உச்சியில் எழுதிக்கொள்ளுங்கள். பிறகு ஊர் மாற்றங்களை எண்ணுங்கள். 9 நாளுக்கு 3 ஊர் என்பதே என் விடை. 1 நாளை வெறுமையாக விடுங்கள். அதை நிரப்பும் காரியம் தானே வந்து சேரும்.

அடுத்த இதழில் தீபாவளி முன்பதிவு பற்றி எழுதுவேன். 60 நாளுக்கு முன்பே சாளரம் திறக்கும்; தேதியை இப்போதே எண்ணி வையுங்கள்.